மார்கழி பஜனைக்குச் சுருதிப் பெட்டி: விடியற்காலையில் ஷட்ஜமும் பஞ்சமமும் தனித்தனியா விலகுது

அணைக்கட்டு_ராகம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் பஜனை கோஷ்டிக்குச் சுருதிப் பெட்டி ஒண்ணு செஞ்சிருக்கேன். உள்ளே ரெண்டு என்இ555 (அலை உண்டாக்குற ஐசி) இருக்கு. ஒண்ணு ஷட்ஜம், இன்னொண்ணு பஞ்சமம். ரெண்டுலயும் 104 (அதாவது 100 நானோ ஃபாரட்) போட்ட பழுப்பு வட்ட செராமிக் கெபாசிட்டர், 47கே கார்பன் ரெசிஸ்டர், அதோட வரிசையில 10கே பாட் (திருகி மாத்துற ரெசிஸ்டர்). ஆம்ப் எல்எம்386, ஸ்பீக்கர் 3 அங்குலம் 8 ஓம். கரன்ட் சின்ன சதுர 9 வோல்ட் பேட்டரியில இருந்து. கோயில்ல மட்டும் பழைய 9 வோல்ட் அடாப்டர்.

மூணு தொந்தரவு. சாயங்காலம் வீட்டுல ஹார்மோனியத்தோட ஒன்றரைக் கட்டைக்குச் சேர்த்து வெச்சா, விடியற்காலை நாலரை மணிக்கு வெளியே கொண்டு போனதும் சுருதி நகர்ந்துடுது. ஷட்ஜம் நகர்ற அளவும் பஞ்சமம் நகர்ற அளவும் ஒண்ணா இல்ல, அதான் பெரிய தலைவலி. அடுத்து, சத்தத்தைக் கூட்டினா நாதம் நடுங்குது. மூணாவது, மைக் செட்காரர் மிக்சர்ல சொருகினா உறுமல்.

இதையே சரி பண்ணலாமா, இல்ல ஈஎஸ்பி32-க்கு (நிரல் எழுதி ஓட்டுற சின்னக் கணினிப் பலகை) மாறிடலாமா? ஆயிரம் ரூபாய்க்குள்ள முடியணும்.


காட்பாடி_சால்டர்:

தம்பி, எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. பெட்டியைத் திறந்து ஓட விட்டு, ஷட்ஜம் பக்கத்து 104 மேல விரலை அழுத்தி வைங்க. பத்து விநாடியில உடம்புச் சூட்டுக்கே சுருதி நழுவுறது காதுல விழும். 555 ஐசி மேல அதே மாதிரி விரல் வெச்சா ஒண்ணும் தெரியாது. குற்றவாளி கெபாசிட்டர்தான், ஐசி இல்ல.

அந்த மலிவு வட்ட செராமிக் எல்லாம் இசட்5யு, ஒய்5வி வகை. இசட்5யு-னா 10 டிகிரியில இருந்து 85 டிகிரிக்குள்ள மதிப்பு 22 சதவீதம் ஏறலாம், 56 சதவீதம் இறங்கலாம்னு தரக்குறிப்பே அனுமதிக்குது. ஒய்5வி இன்னும் மோசம், 82 சதவீதம் வரைக்கும் இறங்கலாம். சுருதிக் கணக்குல 1 சதவீத மாற்றம் 17 சென்ட் (ஒரு ஸ்வரஸ்தானத்தை நூறா பிரிச்சா ஒரு பங்கு ஒரு சென்ட்), 6 சதவீதம்னா முழுசா ஒரு ஸ்வரஸ்தானம் போச்சு. ஒரே கடையில ஒரே பாக்கெட்ல வாங்கின ரெண்டு 104 கூட ஒரே மாதிரி அசையாது. ஷட்ஜமும் பஞ்சமமும் தனித்தனியா ஓடுறது அதனாலதான். இந்த வகை கெபாசிட்டர் சப்ளையில இரைச்சல் வடிகட்டப் பிறந்தது, ஸ்வரம் நிறுத்த இல்ல.

மாத்து என்ன? பாலியெஸ்டர் ஃபிலிம் ஒரு டிகிரிக்குச் சுமார் 400 பிபிஎம் (பத்து லட்சத்துல 400 பங்கு) ஏறும். பாலிபுரோப்பிலீன் சுமார் 200 இறங்கும். 20 டிகிரி வித்தியாசத்துக்கு முதலாவது 14 சென்ட் நகரும், ரெண்டாவது 7 சென்ட். சி0ஜி செராமிக் (என்பி0-னும் சொல்வாங்க) 30 பிபிஎம்குள்ள நிக்கும், கிடைச்சா அதுதான் ராஜா. கிடைக்கலைன்னா 6.8 நானோ பாலிபுரோப்பிலீனோட 3.3 நானோ பாலியெஸ்டரைப் பக்கவாட்டுல சேருங்க. ஒண்ணு ஏற ஒண்ணு இறங்க, மொத்தம் 10.1 நானோ கிட்டத்தட்ட அசையாம நிக்கும். ரெசிஸ்டரும் மெட்டல் ஃபிலிம் 1 சதவீதம் போடுங்க. கார்பன் கூட நகரும்.

ஆனா ரெண்டு 555-ஐ ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போக வைக்கிறதுங்கிற எண்ணத்தையே விட்டுடுங்க. ஒரே ஒரு 555 போதும். அதை மேல் ஸ்தாயியில வேகமா ஓட விட்டு, வகுத்து வகுத்து எல்லா ஸ்வரத்தையும் எடுக்கலாம். அப்ப தாய் அலை நகர்ந்தாலும் ச, ப ரெண்டும் கை கோத்துக்கிட்டுச் சேர்ந்தே நகரும், 3:2 விகிதம் ஒருபோதும் உடையாது. முழுச் சுருதி 5 சென்ட் தள்ளி நின்னா பாடுறவர் கண்டுக்க மாட்டார். ச-வுக்கும் ப-வுக்கும் நடுவுல அஞ்சு சென்ட் பிசகினா அலை அடிக்கிறது கோயில் தூண் வரைக்கும் கேக்கும்.

வயரிங் இது. தாய் அலை 555-ல ஆர்1 1கே. ஆர்2 இடத்துல 24கே மெட்டல் ஃபிலிம் (இல்லேன்னா 22கே-வும் 2.2கே-வும் வரிசையில), அதோட 22கே பாட், அதோட 1கே பாட். கெபாசிட்டர் 10 நானோ. அலைவெண் = 1.44 ÷ ((ஆர்1 + 2 × ஆர்2) × சி). இதுல 1510-ல இருந்து 2900 ஹெர்ட்ஸ் வரைக்கும் கிடைக்கும். ஒரு கட்டைக்குத் தாய் அலை 1570, உங்க ஒன்றரைக் கட்டைக்கு 1663, ஆறு கட்டைக்கு 2640. பெரிய பாட் கட்டையைப் பிடிக்கும், சின்ன பாட் ஹார்மோனியத்தோட இழைக்கும். ஹார்மோனியம் எல்லாம் 440-க்குச் சரியா இருக்கும்னு நம்பாதீங்க. ரீடு எங்க நிக்குதோ அங்கதான் பெட்டி போய் நிக்கணும். அதுக்குத்தான் அந்த 1கே.

555-ன் 3-ம் கால் ரெண்டு இடத்துக்குப் போகும். ஒண்ணு சிடி4017-ன் (துடிப்பை எண்ணி வகுக்கிற ஐசி) 14-ம் கால். அந்த ஐசியில 7-ம் காலை 15-ஓட இணைச்சா மூணால வகுக்கும், வெளியீடு 3-ம் கால், 13 தரைக்கு. இன்னொண்ணு சிடி4520-ன் (ரெண்டு ரெண்டா வகுத்துக்கிட்டே போற ஐசி, உள்ளே ஒரே மாதிரி ரெண்டு பாதி) 1-ம் கால். 4017 வெளியீட்டை 4520-ன் 9-ம் காலுக்குக் கொடுங்க. 4520-ல 2, 10 ரெண்டும் பிளஸ்ஸுக்கு. 7, 15 ரெண்டும் தரைக்கு. இப்ப 5-ம் கால்ல தாய் அலை ÷ 8, அது பஞ்சமம். 11-ல ÷ 6, அது சாரணை (நடு ஸ்தாயி ஷட்ஜம்). 12-ல ÷ 12, அது மந்தரம் (கீழ் ஸ்தாயி ஷட்ஜம்). தம்புராவுல இருக்கிற அதே அடுக்கு. ஒரு கட்டையில 196.2, 261.6, 130.8 ஹெர்ட்ஸ்.

மத்யமச் சுருதி வேணும்னா இன்னொரு 4017 போட்டு, 11-ம் காலை 15-ஓட சேர்த்து ஒன்பதால வகுங்க. வெளியீட்டை 3-ல எடுக்காம 12-ல எடுங்க. 3-ல வர்றது ஒடிசலான துடிப்பு, ஈ கத்துற மாதிரி இருக்கும். 12-ல கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வரும்.


பாலாறு_பிட்:

சால்டர் அண்ணா சொன்ன வகுத்தல் முறை அழகு, மறுக்கல. ஆனா சதுர அலை சதுர அலைதான், தம்புரா ஆகாது. ஈஎஸ்பி32, மேக்ஸ்98357ஏ ஆம்ப் பலகை, 4 ஓம் 3 வாட் ஸ்பீக்கர், ரோட்டரி என்கோடர் (படிப்படியா சுத்துற குமிழ்), எல்லாம் ஆயிரத்துக்குள்ள அடங்கும். கிரிஸ்டல்ல ஓடுறதால வெயில், பனி எதுவும் காதுக்குத் தெரியாது.

ஆம்ப் பலகையோட பிசிஎல்கே ஈஎஸ்பி32-ன் 26-ம் பின்னுக்கு, எல்ஆர்சி 25-க்கு, டின் 22-க்கு. ஆம்ப் பலகையில கெயின் காலைச் சும்மா விட்டா 9 டெசிபெல், தரைக்குக் கொடுத்தா 12.

ஸ்வரத்தை உண்டாக்க ஒவ்வொரு தந்திக்கும் ஒரு கட்டக் கூட்டி (அலை எந்தக் கட்டத்துல இருக்குன்னு கூட்டிக்கிட்டே போற எண், ஃபேஸ் அக்யுமுலேட்டர்) வைங்க, 32 பிட்டா இருக்கணும். விநாடிக்கு 44100 மாதிரின்னா (சாம்பிள்) ஒரு ஹெர்ட்ஸுக்கு 97391.5 கூட்டணும். நிறையப் பேர் அர்டுயினோ பழக்கத்துல 16 பிட் போடுவாங்க. அதுல ஒரு படியே 0.67 ஹெர்ட்ஸ், 130 ஹெர்ட்ஸ் பக்கத்துல அது 9 சென்ட். சுருதி சேரவே சேராது, ஸ்பீக்கரைக் குறை சொல்லிட்டு உக்காந்திருப்போம். பஞ்சமத்துக்குத் தனியா ஹெர்ட்ஸ் கணக்குப் போடாம, ஷட்ஜத்தோட கூட்டுத்தொகையை மூணால பெருக்கி ரெண்டால வகுங்க. கணினிப் பட்டியல்ல இருக்கிற சம இடைவெளிப் பஞ்சமம் 1.4983, உண்மையான பஞ்சமம் 1.5. வித்தியாசம் 2 சென்ட்தான். ஆனா ஒரு கட்டையில ஷட்ஜத்தோட மூணாவது அனுசுரமும் (ஹார்மானிக்) பஞ்சமத்தோட ரெண்டாவது அனுசுரமும் மோதி விநாடிக்கு ஏறக்குறைய ஒரு அலை அடிக்கும். விடாம ஒலிக்கிற சுருதியில அது உறுத்தும்.

மீட்டுற நாதம் வேணும்னா கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறை. ஒரு வரிசை நினைவகத்துல இரைச்சலை நிரப்பி, பக்கத்துப் பக்கத்து மாதிரிகளைச் சராசரி பண்ணிச் சுத்த விடுறது. வரிசை நீளம் முழு எண்தான்கிறதால சுருதி தவறும். அலைவெண் = 44100 ÷ (நீளம் + 0.5). 261.63-க்கு 168 போட்டா அதிர்ஷ்டவசமா அரை சென்ட்லயே நிக்கும். 196.2-க்கு 224 போட்டா 2 சென்ட் ஏறும். பின்ன நீளத்துக்கு ரெண்டு மாதிரிக்கு நடுவுல இடைமதிப்பு எடுத்தே ஆகணும்.

கட்டை மாத்த பாட் வேண்டாம். ஈஎஸ்பி32-ன் அனலாக் உள்ளீடு நடுங்கும், அந்த நடுக்கம் நேரா சுருதியில கேக்கும். அதுக்குத்தான் என்கோடர். அதை 34-ல இருந்து 39 வரைக்கும் உள்ள பின்கள்ல போட்டா உள் புல்-அப் (பின்னை மேல்நிலையில பிடிச்சு வைக்கிற ரெசிஸ்டர்) கிடையாது, வெளியே 10கே வைக்கணும்.

வைஃபை, புளூடூத் ரெண்டையும் நிரலின் தொடக்கத்துலயே அணைச்சிடுங்க. ஓட விட்டா கரன்ட் திடீர் திடீர்னு ஏறி ஸ்பீக்கர்ல டிக் டிக்னு வரும். திரை வைக்கிறவங்களுக்கு ஒரு பொறி: 128க்கு 64 ஓலெட் திரையை 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி-யில முழுசா வரைய 90 மில்லி விநாடிக்கு மேல பிடிக்கும். ஒலித் தாங்கல் 64 மாதிரி வீதம் 8-னா கையில இருக்கிறது 11.6 மில்லி விநாடி. ஒவ்வொரு தடவை திரை மாறும்போதும் கிளிக் விழும். ஒலியைத் தனி டாஸ்க்கா இன்னொரு கோர்ல ஓட்டுங்க, கட்டை மாறினா மட்டும் திரையை வரையுங்க.


காட்பாடி_சால்டர்:

பிட், நீங்க சொல்றதுல தப்பில்ல. ஆனா மார்கழி நெருங்கிடுச்சு, நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர் கார்ப்ளஸ்ல இறங்கினா பொங்கல் வந்துடும்.

சதுர அலையோட வெறுமைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 4520-ல ஒரே பாதியோட மூணு கால்களையும் எடையிட்டுக் கூட்டினா படிக்கட்டு மாதிரி ரம்ப அலை வரும், இரட்டைப்படை அனுசுரங்களும் உள்ளே வந்துடும். பஞ்சமத்துக்கு 5-ம் கால் 220கே வழியா, 4-ம் கால் 470கே வழியா, 3-ம் கால் 1 மெக் வழியா. ஷட்ஜத்துக்கு 12-ம் கால் 220கே, 11-ம் கால் 470கே. எல்லாத்தையும் ஒரே புள்ளியில சேர்த்து 10கே வால்யூம் பாட்டுக்கு. அந்தப் புள்ளியில இருந்து தரைக்கு 22 நானோ வைங்க, முனை மழுங்கும். போதலைன்னா 47 நானோ. வீணை ஆகாதுதான். ஆனா பழைய ரீடு சுருதிப் பெட்டியோட வாசனை வரும்.

நடுக்கத்துக்கு வர்றேன். அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி எல்எம்386 இழுக்கிற இழுப்புக்கு ஈடு கொடுக்காது. ஒவ்வொரு அலைக்கும் வோல்ட் தொங்கும், 555 அதைப் பார்த்து ஆடும். ஆறு ஏஏ பேட்டரி போடுங்க. ஆம்புக்கு நேரா பிளஸ் கொடுத்துட்டு, 555-க்கும் சிடி ஐசிகளுக்கும் 100 ஓம் வழியா கொடுத்து அந்தப் பக்கம் 470 மைக்ரோ. ஒவ்வொரு ஐசிக்கும் ஒட்டினாப்புல 100 நானோ (இங்க மட்டும் உங்க பழுப்பு 104 தாராளமா ஆகும்). 555-ன் 5-ம் கால்ல இருந்து தரைக்கு 10 நானோ. என்இ555-க்குப் பதில் 7555 போட்டா கரன்டும் மிச்சம், சப்ளையில முள்ளும் குறையும். 386-ன் 7-ம் காலுக்கு 10 மைக்ரோ, 5-ம் கால்ல 10 ஓமும் 47 நானோவும் வரிசையாத் தரைக்கு. இந்தக் கடைசி ரெண்டை விட்டவங்க பெட்டியிலதான் காரணம் தெரியாம "புர்ர்" வரும்.


மைக்செட்_ஆரணி:

உறுமல் என் பக்கத்து விஷயம்.

முதல்ல அந்த அடாப்டரைத் தூக்கிப் போடுங்க. பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர்ல 9-னு எழுதியிருக்கும், இழுப்பு கம்மியா இருந்தா 13 வோல்ட் கூட வரும். எல்எம்386-ல சாதாரணமா கிடைக்கிற வகைக்கு 12 வோல்ட்தான் எல்லை. உறுமலும் வரும், ஒருநாள் ஐசியும் போகும். பஜனை முடியறவரைக்கும் பேட்டரியே போதும், ஆறு ஏஏ நல்ல ஆல்கலைன்னா ஒரு வாரத்துக்கு மேலயே தாங்கும்.

மிக்சருக்கு ஸ்பீக்கர் கம்பியில இருந்து எடுக்கக் கூடாது. வால்யூம் பாட்டுக்கு முன்னாடி, அந்தக் கூட்டுப் புள்ளியில இருந்தே எடுங்க. 1 மைக்ரோ கெபாசிட்டர் வழியா, 100கே, அங்கிருந்து தரைக்கு 1கே. அந்த 1கே மேல இருந்து ஷீல்டு வயர்ல மைக் உள்ளீட்டுக்கு. இப்படிக் குறைக்காம மைக் உள்ளீட்டுல சொருகினா சேனல் சிவப்பு விளக்கு அணையவே அணையாது. மிக்சர்ல 48 வோல்ட் ஃபேன்டம் (மைக்குக்கு வயர் வழியா கரன்ட் கொடுக்கிறது) சுவிட்ச் அணைஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. சின்ன மிக்சர்ல அது எல்லாச் சேனலுக்கும் ஒரே சுவிட்ச். அணைக்க முடியாதுன்னா 600க்கு 600 ஓம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒண்ணை நடுவுல போட்டுடுங்க, உறுமலுக்கும் அதுவே மருந்து.

பிட் தம்பி சொன்ன மேக்ஸ்98357ஏ பத்தி ஒரு எச்சரிக்கை. அது பாலம் வகை ஆம்ப். ஸ்பீக்கரோட ரெண்டு முனையில எதுவுமே தரை இல்ல. ஒரு முனையை மிக்சர் தரையில வெச்சா ஆம்ப் பாதி ஷார்ட். பிஏஎம்8403-உம் அப்படித்தான். ஈஎஸ்பி32-ல இருந்து மைக் செட்டுக்குப் போகணும்னா பிசிஎம்5102ஏ பலகையை (எண்களை ஒலி அலையா மாத்துறது) தனியா போடுங்க. ஊதாப் பலகையா இருந்தா எஸ்சிகே-வைத் தரையோட சேர்க்கணும், பின்பக்கம் நாலு சால்டர் பாலத்துல 1, 2, 4 கீழ்நிலைக்கு, 3 மேல்நிலைக்கு. 3-ஐ மறந்தா ஒலி ஊமையாவே கிடக்கும். வெளியீடு 2.1 வோல்ட், அதுவும் லைன் உள்ளீட்டுக்குத்தான்.


அணைக்கட்டு_ராகம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வகுத்தல் முறையிலயே பிரெட்போர்டுல போட்டுட்டேன். 6.8 பாலிபுரோப்பிலீனும் 3.3 பாலியெஸ்டரும் ஜோடி. பஞ்சமம் கனகச்சிதமா நிக்குது, விரல் வெச்சாலும் அசையல. ஆனா ஷட்ஜம் சில சமயம் சரியா இருக்கு, சில சமயம் திடீர்னு ரொம்பக் கீழ இறங்கிடுது. பலகைக்கிட்ட கையைக் கொண்டு போனாலே மாறுது. 4017 பழுதா?


காட்பாடி_சால்டர்:

கையைப் பார்த்தே மாறுதுன்னா ஏதோ ஒரு உள்ளீட்டுக் கால் அந்தரத்துல தொங்குது. சீமாஸ் ஐசிக்கு அது ஆன்டெனா மாதிரி. 4017-ன் 13 தரையைத் தொடுதா, 4520-ன் 10-ம் கால் நிஜமாவே பிளஸ்ஸுல இருக்கா, 15 தரையில இருக்கா, மீட்டரை ஐசிக் கால் மேலயே வெச்சுப் பாருங்க, பிரெட்போர்டு துளையில வெக்காதீங்க. ஒரு கால் வளைஞ்சு ஐசிக்கு அடியில மடங்கியிருக்கிறது வெளியே தெரியாது.

அதெல்லாம் சரின்னா 7-க்கும் 15-க்கும் போட்ட வயரைப் பாருங்க. அந்த ரீசெட் துடிப்பு கண்ணிமைக்கிறதுக்குள்ள வந்து போறது. நீளமான ஜம்பர்ல அது தளர்ந்து ஐசி ரீசெட் ஆகாம பத்து வரைக்கும் எண்ணிடும். அப்ப ஷட்ஜம் மூணுல ஒரு பங்குக்கும் கீழ விழும். அரை அங்குல வயர் போதும். ஐசியோட 16-ம் காலுக்கும் 8-ம் காலுக்கும் குறுக்கே 100 நானோ இருக்கான்னும் பாருங்க.


அணைக்கட்டு_ராகம்:

4520-ன் 10-ம் கால்தான் சார். அடியில மடங்கியிருந்தது. நிமிர்த்திப் போட்டதும் நின்னுடுச்சு. இனிமே பெட்டி. 9 மில்லி பிளைவுட் இருக்கு, பலாக்கட்டையும் தச்சர்கிட்ட சொன்னா கிடைக்கும். எது நல்லது?


மைக்செட்_ஆரணி:

இதுக்குப் பலாக்கட்டை வீண் செலவு. தம்புராவுல குடம் சேர்ந்து அதிரணும், அதனால பலா. இங்க ஸ்பீக்கர்தான் பாடுது, பெட்டி அதிராம இருக்கிறதே நல்லது. பிளைவுட்ல முன்பலகை, பின்பலகை ரெண்டையும் ஃபெவிகாலும் திருகும் போட்டு இறுக்கி, உள்ளே பஞ்சு அடைச்சு, பாட் தண்டு வர்ற ஓட்டையைக்கூட மூடுங்க. காத்து கசியுற இடத்துல ஒரு குறிப்பிட்ட கட்டைக்கு மட்டும் சீழ்க்கை வரும். 3 அங்குல ஸ்பீக்கர் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா எதுவும் கொடுக்காது. உங்க மந்தரம் 138-ல இருக்கு. அதோட அனுசுரங்கள்தான் காதுக்கு வந்து சேரும். அதனால 22 நானோவை 47-ஆ ஏத்திடாதீங்க, மந்தரம் மங்கிடும்.


பாலாறு_பிட்:

கோடையில ஈஎஸ்பி32-க்கு மாறும்போது இந்த ரெண்டை மட்டும் மறக்காதீங்க. 18650 லித்தியம் பேட்டரியை நேரா விஐஎன்-ல கொடுத்தா, பலகையில இருக்கிற ஏஎம்எஸ்1117-க்கு (வோல்ட்டைக் குறைச்சு நிலையா வைக்கிற ஐசி) வெளியீட்டை விட உள்ளீடு ஒரு வோல்ட்டுக்கு மேல கூடுதலா வேணும். பேட்டரி கொஞ்சம் இறங்கினதுமே மறுதொடக்கம் ஆகிக்கிட்டே இருக்கும். நடுவுல எம்டி3608 பூஸ்ட் (வோல்ட்டை ஏத்துற பலகை) வேணும். ஈஎஸ்பி32-ஐ இணைக்கிறதுக்கு முன்னாடி அதை மீட்டர் வெச்சு 5 வோல்ட்டுக்குத் திருகிக்கோங்க, அது 28 வோல்ட் வரைக்கும் போகும். சார்ஜ் பண்ண டிபி4056 வாங்கினா ஆறு பட்டை இருக்கிற பாதுகாப்பு வகையா பார்த்து வாங்குங்க. 45 டிகிரிக்கு மேல லித்தியம் பேட்டரியை சார்ஜ் பண்ணக் கூடாது. கத்திரி வெயில்ல நம்ம பக்கத்துத் தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் அந்தச் சூடு வந்துடும், ராத்திரியில சார்ஜ் போடுங்க.